வின்ஸ்லோ லா பொசாடா: அப்பாவை ரயிலில் கூட்டிப் போகலாமா, காரிலா?

தண்டவாளத்துப்பிள்ளை கேட்டது:

அப்பா ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அக்டோபரில் லாஸ் ஏஞ்சலிஸில் எங்கள் வீட்டுக்கு வருகிறார். எங்கே போகலாம் என்று கேட்டால் "ஏதாவது பழைய ஸ்டேஷன் காட்டுடா" என்கிறார், வேறு எதுவும் வேண்டாமாம். அரிசோனாவில் வின்ஸ்லோ என்ற சின்ன ஊரில் ஸ்டேஷனை ஒட்டியே லா பொசாடா என்று ஒரு பழைய ரயில்வே ஹோட்டல் இருக்கிறதாமே, யாராவது தங்கியிருக்கிறீர்களா? காரில் ஏறக்குறைய 8 மணி நேரம். ரயிலும் அங்கே நிற்கிறது என்கிறார்கள். அவருக்கு வயது 71, முழங்கால் வலி, சைவம்.

பாலைக்காற்று:

ரயிலிலேயே போங்கள், யோசிக்கவே வேண்டாம். காரில் போனால் அந்தக் கட்டடத்தின் முதுகைத்தான் முதலில் பார்ப்பீர்கள். அதை வடிவமைத்த மேரி கோல்ட்டர் முகப்பைத் தண்டவாளத்துப் பக்கம்தான் வைத்தார், ஏனென்றால் விருந்தாளிகள் வந்ததே ரயிலில்தான். சாண்டா ஃபே ரயில் கம்பெனியின் ஹோட்டல், நடத்தியது ஃப்ரெட் ஹார்வி கம்பெனி, திறந்தது 1930 மே மாதம். பங்குச்சந்தை சரிந்து ஏழு மாதம்கூட ஆகவில்லை, அந்த நேரத்தில் பாலைவனத்து நடுவே இப்படி ஒன்று! பழைய ஸ்பானிஷ் பண்ணையார் குடும்பம் ஒன்று தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பெருக்கிய வீடு என்று ஒரு கதையை அந்த அம்மாவே கற்பனை செய்து, அந்தக் கதைக்கு ஏற்றபடி தோட்டம், நாற்காலி, விளக்கு வரைக்கும் தீர்மானித்திருக்கிறார். 1957ல் மூடிவிட்டார்கள். தட்டுமுட்டுச் சாமான்களெல்லாம் ஏலத்தில் போய், கட்டடம் ரயில் கம்பெனியின் ஆபீஸாகி, கடைசியில் இடிக்கிற பேச்சு வரைக்கும் வந்தது. 1997ல் ஆலன் அஃபெல்ட் என்பவரும் அவர் மனைவி, ஓவியர் டீனா மியோனும் வாங்கி மீட்டெடுத்தார்கள். கூடத்தில் நடக்கும்போது அவருடைய ஓவியங்களை நின்று பாருங்கள்.

நான் அங்கே அதிக நேரம் இருந்தது தண்டவாளத்துப் பக்கத் தோட்டத்தில். ஒரு பெஞ்சில் உட்கார்ந்தால் போதும், சரக்கு ரயில்கள் இரவு பகல் பாராமல் வந்துகொண்டே இருக்கும், நாலு எஞ்சின் இழுக்க, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய கண்டெய்னர்கள், எண்ண ஆரம்பித்தால் நூறைத் தாண்டும். கார்டாக இருந்தவருக்கு இதைவிட என்ன வேண்டும்? சத்தம் கேட்கத்தான் செய்யும், எனக்கு அது தாலாட்டு.

வண்டிநேரம்:

நேரத்தைக் கவனியுங்கள். சவுத்வெஸ்ட் சீஃப் என்ற பயணிகள் ரயில், சிகாகோவுக்கும் லாஸ் ஏஞ்சலிஸுக்கும் நடுவே ஓடுவது, ஒரு நாளைக்கு ஒரு திசையில் ஒன்றுதான். உங்கள் ஊரில் சாயங்காலம் ஏறினால் வின்ஸ்லோவில் விடியற்காலையில் இறங்குவீர்கள். அந்த நேரத்தில் அறை கிடைக்காது, அதனால் முந்தின நாள் இரவுக்கும் சேர்த்துப் போட்டுக்கொள்ளுங்கள் அல்லது சீக்கிரம் அறை தர முடியுமா என்று முன்னாலேயே போன் செய்து கேளுங்கள். திரும்புகிற வண்டி மாலையில், மறுநாள் காலை வீட்டில் இருக்கலாம். அங்கே டிக்கெட் கவுண்டர் கிடையாது, பெட்டியை வாங்கி வைக்க ஆளும் கிடையாது, கையில் தூக்குகிற அளவுக்கே கொண்டுபோங்கள். சரக்கு ரயில் கம்பெனியின் பாதை என்பதால் தாமதமும் சகஜம். கோடைக்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைக்கிற வழக்கம் அரிசோனாவில் இல்லை, அக்டோபரில் உங்கள் நேரமும் அவர்கள் நேரமும் ஒன்றுதான், நவம்பரில் போனால் ஒரு மணி நேரம் வித்தியாசம் வரும்.

மணற்குன்று:

நான் கார் கட்சி. மேற்கே அரை மணி நேர ஓட்டத்தில் விண்கல் விழுந்த பள்ளம் இருக்கிறது, ஒரு கிலோமீட்டருக்கு மேல் அகலம், அதைப் பார்க்காமல் வரலாமா? கிழக்கே போனால் கல்லாகிப்போன மரங்கள். ஆனால் முழங்கால் வலி என்கிறீர்களே, 8 மணி நேரம் காரில் மடக்கி உட்காருவதைவிட ரயிலில் எழுந்து நடக்கலாம், அதையும் யோசியுங்கள். எப்படிப் போனாலும் கீழ்த்தளத்தில் அறை கேளுங்கள்.

சாப்பாட்டுக்கு ஹோட்டலுக்குள்ளேயே டர்க்வாய்ஸ் ரூம். நாங்கள் போனபோது ஒரே கிண்ணத்தில் பாதி மஞ்சள் சோளம், பாதி கறுப்பு பீன்ஸ் என்று இரண்டு சூப்பை ஊற்றிக் கொண்டுவந்தார்கள், நடுவில் கோடு போட்ட மாதிரி, ஒன்றோடொன்று கலக்கவே இல்லை. என் மகள் ஸ்பூனை வைக்கவே மனமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். எது சைவம் என்று கேட்டு வாங்குங்கள்.

பாலைக்காற்று:

ஒன்று விட்டுப்போச்சு. பக்கத்துப் பழைய ஸ்டேஷன் கட்டடம் இப்போது அருங்காட்சியகம். 1930களில் ஜூலியா ஜோ என்ற நவஹோ பழங்குடிப் பெண்மணியும் அவர் குடும்பமும் ஒரே தறியில் நெய்த பிரம்மாண்டமான கம்பளம் அங்கே இருக்கிறது. திறந்திருக்கும் நாளைக் கேட்டுக்கொண்டு போங்கள்.

தண்டவாளத்துப்பிள்ளை:

எல்லோருக்கும் நன்றி. ரயில்தான், இரண்டு இரவு போட்டுவிட்டேன். அப்பாவிடம் போனில் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அந்த சரக்கு வண்டிக்குக் கடைசியில கார்டு வண்டி இருக்குமா?"

வண்டிநேரம்:

இருக்காது. 1980களிலிருந்தே எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள், கடைசிப் பெட்டியில் சின்னதாக ஒரு கருவி மாட்டியிருக்கும், இரவில் சிவப்பு விளக்கு மின்னும். பிரேக் குழாயின் அழுத்தத்தை எஞ்சினுக்கு வயர்லெஸ்ஸில் சொல்வது அதுதான். தோட்டத்தில் உட்கார்ந்தால் பல வண்டிகளின் கடைசியில் தெரியும், அப்பாவுக்குக் காட்டுங்கள்.