டேப் சுற்றிய கத்தி ஞாபகம் இருக்கிறது, முகம் இல்லை

இரவு 11.15 இருக்கும். ஷிப்ட் முடிந்து நடந்து வந்துகொண்டிருந்தேன், காதில் இயர்போன். எதிரே வந்தவன் "அண்ணே, மணி என்ன?" என்றான். நானும் நல்ல பிள்ளையாகக் கைபேசியை எடுத்துப் பார்த்தேன். அவனுக்கு எது வேண்டுமோ அதை நானே எடுத்து நீட்டின மாதிரிதான். நிமிர்ந்தால் இடது பக்கம் இன்னொருவன். அவன் எப்போது வந்தான் என்றே தெரியாது.

விலாவில் ஏதோ உறுத்தியது. குனிந்தேன். காய் நறுக்கும் கத்தி. கைப்பிடியில் கறுப்பு டேப், அதன் ஒரு முனை பிரிந்து தொங்கியது. கராத்தேவில் பழுப்பு பெல்ட் வரை வந்தவன் நான். கால் அசையவில்லை, குரலும் வரவில்லை. கைபேசி, பர்ஸ் இரண்டையும் கொடுத்தேன், போய்விட்டார்கள்.

காவல் நிலையத்தில் "மீசை இருந்ததா?" என்று கேட்டார்கள். தெரியவில்லை. உயரம்? அதுவும் தெரியவில்லை. டேப்பைப் பற்றி மட்டும் விலாவாரியாகச் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். எனக்கே சந்தேகம் வந்து அப்புறம் தேடிப் படித்தேன். எலிசபெத் லாஃப்டஸ் என்ற உளவியலாளர் குழுவோடு சேர்ந்து 1987இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. வாடிக்கையாளர் காசாளரிடம் துப்பாக்கி நீட்டும் படங்களைச் சிலருக்கும், காசோலை நீட்டும் படங்களை வேறு சிலருக்கும் காட்டி, கண் எங்கே போகிறது என்று கருவி வைத்துப் பார்த்திருக்கிறார்கள். துப்பாக்கியைப் பார்த்தவர்களின் கண் அதிலேயே போய்ப் போய் நின்றிருக்கிறது. ஆக, எனக்கு மட்டும் வந்த கோளாறு இல்லை.

பிறகு ஒரு தற்காப்பு வகுப்பில் சேர்ந்தேன். முதல் நாளே மாஸ்டர் என்னை வெள்ளை பனியன் போடச் சொல்லிவிட்டு, எதிரில் நின்றவன் கையில் சிவப்பு மார்க்கர் பேனாவைக் கொடுத்தார். "இதுதான் கத்தி, 30 வினாடி, பிடுங்கு." இரண்டு தடவை மணிக்கட்டைப் பிடித்தேன். கடைசியில் பேனாவையும் பிடுங்கிவிட்டேன். பெருமையோடு குனிந்து பார்த்தால் கழுத்தோரம், அக்குள், முழங்கையின் உட்புறம் என்று 11 கோடு. அதில் பட்டது தெரிந்தவை இரண்டே இரண்டு.

அடுத்தது தூரம். 21 அடி தள்ளி நின்று அவன் ஓடிவர வேண்டும், நான் பையிலிருந்து மிளகு ஸ்பிரேயை எடுக்க வேண்டும். ஜிப் பாதி திறப்பதற்குள் தோளில் சிவப்பு மை. அந்த 21 அடிக்கும் ஒரு கணக்கு உண்டு. அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி போலீஸில் இருந்த டென்னிஸ் டூலர் 1983இல் எழுதியது. அந்தத் தூரத்தை ஒரு சாதாரண ஆள் ஏறக்குறைய ஒன்றரை வினாடியில் ஓடிக் கடந்துவிடுவான். பயிற்சி பெற்ற போலீஸ்காரர் உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்துச் சுடவும் அவ்வளவு நேரம் ஆகும். இதில் நானும் என் ஜிப்பும் எந்த மூலைக்கு? இப்போதெல்லாம் ஸ்பிரே கைக்குள்ளேயே இருக்கும், இல்லையென்றால் இல்லவே இல்லை என்றுதான் நினைத்துக்கொள்கிறேன்.

* * *

பொருளைக் கொடுத்தது சரி சகோ. என் கதை கொஞ்சம் வேறு. வண்டியை எடுக்கப் போனபோது ஒருவன் பக்கத்தில் வந்து சட்டையைத் தூக்கிக் காட்டினான், இடுப்பில் துப்பாக்கி. பையை நீட்டினேன், வாங்கவில்லை. "ஏறு" என்றான்.

ஏறவே கூடாது என்று என் அக்கா பல வருடம் முன்பே சொல்லியிருந்தாள். அவன் கூட்டிப்போகிற இடம் நிச்சயம் இதைவிட ஆள் இல்லாத இடமாகத்தான் இருக்கும், எது நடந்தாலும் இங்கேயே நடக்கட்டும் என்பாள். அதனால் அங்கே நின்று யோசிக்க எனக்கு எதுவும் மிச்சமில்லை. பையை ஒரு பக்கம் வீசிவிட்டு, நிறுத்தியிருந்த கார்களுக்கு நடுவில் புகுந்து மறுபக்கம் ஓடினேன். ஒரு செருப்பு போயிற்று, முழங்கால் தோல் போயிற்று. அவன் துரத்தவில்லை. அது நிஜத் துப்பாக்கியா பொம்மையா என்று இன்றுவரை தெரியாது.

* * *

அவசரப் பிரிவில் 9 வருடமாகச் செவிலியராக இருக்கிறேன். "கையால் குத்திவிட்டான் சிஸ்டர்" என்று நடந்தே வருவார்கள், சட்டையைத் தூக்கினால் கத்திக் காயம். அந்தப் பதற்றத்தில் வெட்டும் குத்தும் அடி மாதிரிதான் தெரியும். அதனால் தப்பித்து வந்ததும் கழுத்து, அக்குள், முதுகு, தொடையிடுக்கு என்று கையால் தடவிப் பாருங்கள், கையில் ஈரம் படுகிறதா என்று. வெளியே சின்னக் கீறலாகத் தெரிகிற குத்து உள்ளே எவ்வளவு போயிருக்கிறது என்று கண்ணால் சொல்ல முடியாது.

கத்தி உடம்பில் செருகியிருந்தால் பிடுங்காதீர்கள். பல இடத்தில் ரத்தத்தை அடைத்துக்கொண்டிருப்பதே அதுதான். அசையாமல் சுற்றிலும் துணியை அணைத்து வைத்துக் கொண்டுவாருங்கள். மற்றபடி கை, கால் வெட்டுக்குத் துணியை வைத்து முழு பலத்தோடு அழுத்த வேண்டும். நின்றுவிட்டதா என்று நிமிடத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பார்ப்பவர்கள்தான் எங்களைப் படுத்துகிறவர்கள். அழுத்தியும் நிற்காமல் கொட்டினால், காயத்துக்கு மேலே 2, 3 அங்குலம் தள்ளி, மூட்டின் மேல் படாமல், அகலமான பட்டையால் இறுக்கிக் கட்டுங்கள். ரத்தம் நிற்கும்வரை இறுக்க வேண்டும், வலியில் கத்துவார்கள். கட்டிய நேரத்தை எழுதிவையுங்கள். கயிறு, மின்கம்பி எல்லாம் வேண்டாம், சதையை அறுத்துவிடும்.

கத்தியின் அலகையே பிடித்துவிடுகிறவர்கள் உண்டு. ஒரு தம்பி கைபேசியை விடாமல் போராடி அப்படிப் பிடித்தார். உள்ளங்கையில் நரம்பும் தசைநாணும் அறுந்துவிட்டன. கைபேசி தப்பிவிட்டது. அதை இரண்டு விரலால் பிடிக்கப் பழகிக்கொண்டிருக்கிறார்.

* * *

நான் சண்டை போட்டுத் தப்பித்தவன். வீரம் எல்லாம் இல்லை, வேறு வழி இல்லை. கடை அடைக்கிற நேரம், எனக்கும் ஷட்டருக்கும் நடுவில் அவன். கல்லாவைத் திறந்துவிட்டேன், அப்புறமும் மேலே வந்தான். பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி நான்கு காலும் அவனைப் பார்க்கிற மாதிரி பிடித்துத் தள்ளிக்கொண்டே போனேன். கத்தி எட்டவில்லை. அவன் கால் தடுக்கி விழுந்ததும் வெளியே ஓடினேன். "விழுந்தவனை இரண்டு போட்டிருக்கலாமே" என்று எல்லாரும் கேட்கிறார்கள். போட்டிருந்தால் கேஸ் என் மேல் திரும்பியிருக்கும் என்று வக்கீல் சொன்னார். அதைவிட, கத்தி அவன் கையில்தான் இருந்தது.

* * *

முதலில் எழுதியவன் நான்தான். "இப்போது யாராவது மணி கேட்டால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டிருந்தீர்கள். நிற்பதில்லை, கைபேசியை எடுப்பதும் இல்லை. விலகி நடந்துகொண்டே, அவர் கையைப் பார்த்தபடி, ஒரு குத்துமதிப்பாகச் சொல்லிவிடுவேன். போன வாரம் ஒரு பெரியவர் கேட்டார். நான்கடி தள்ளி நடந்தபடியே "பத்து இருக்கும் ஐயா" என்று கத்திவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் மணி 10.40. பாவம், அவருக்கு உண்மையிலேயே மணிதான் வேண்டியிருந்தது.