குர்த்தா அளவுச் சீட்டில் 38 என்றால் யாருடைய 38?

வாக்வா வாணி:
நம் மொரீஷியஸின் போர்ட் லூயியில் துணிக்கடை வைத்திருக்கும் ஒருவர் நேற்று எழுதியிருக்கிறார்: “எங்கள் குர்த்தாவில் 38 என்றால் 38தான். மாட்ட முடியவில்லை என்றால் குறை துணியில் இல்லை, சாப்பாட்டில்.” கீழே ஒரே சிரிப்பு. நான் அந்தக் கடையில் அளவெடுத்துத்தான் வாங்கினேன். என் மார்பு 38 அங்குலம், சீட்டிலும் 38. தலை நுழைந்தது, தோளும் நுழைந்தது. கையைத் தூக்கினேன், அக்குள் தையல் விட்டுவிட்டது. உடம்பும் 38, சீட்டும் 38 என்றால் இதில் என் சாப்பாடு எங்கே வந்தது? காவடிக்கு என்று ஆசையாக வாங்கிய ரோஸ் நிறக் குர்த்தா அது.

தையல் வாத்தியார்:
தங்கச்சி, சீட்டில் இருப்பது துணியின் சுற்றளவு. உங்கள் உடம்பின் சுற்றளவு இல்லை. 38 அங்குலத் துணி 36 அங்குல உடம்புக்கு. மூச்சு விடவும் கை தூக்கவும் இரண்டு அங்குலம் லூஸ் வேண்டாமா? ஏற்றுமதி ஆலையில் கட்டிங் மேசையில் நின்றவன் சொல்கிறேன்.

வாக்வா வாணி:
கடையின் அளவு அட்டையில் “மார்பு 38” என்று போட்டிருக்கிறது ஐயா. துணிக்கு ஏது மார்பு?

தையல் வாத்தியார்:
துணிக்கும் மார்பு உண்டு. ஆலையில் அப்படித்தான் சொல்வோம். 38 துணியளவு.

மோகா முத்து:
அக்கா, நீங்கள் பிரெஞ்சு 38 போட்டுப் பழகியவராக இருக்கும். அது சுமார் 88 செ.மீ. மார்புக்கு, அதாவது 35 அங்குலம்கூட இல்லை. அதே கவுன் இங்கிலாந்தில் 10, ஜெர்மனியில் 36, இத்தாலியில் 42. ஆக எண்ணை நம்பியதுதான் தப்பு.

வாக்வா வாணி:
நான் கவுன் வாங்கவில்லை தம்பி. குர்த்தா வாங்கினேன். அங்குலத்தில் போட்ட சரக்கு.

பொபாசான் புவனா:
வாணி, விடுங்கள். கடைக்காரர்களுக்கு அவர்கள் மாட்டி வைத்திருக்கும் பொம்மைதான் பெண். அந்தப் பொம்மைக்கே முதுகில் துணியைப் பிடித்துக் குண்டூசி குத்தி வைத்திருப்பார்கள், பின்பக்கம் போய்ப் பாருங்கள். எங்கள் ஆயா காலத்தில் ஒல்லியாக இருந்தால் அந்த வீட்டில் சோறில்லை என்று அர்த்தம். கரும்பு வெட்டுகிற குடும்பத்தில் கொஞ்சம் சதைப்பிடிப்பாக இருந்தால்தான் பெண் கேட்டு வருவார்கள். இப்போது அதே குடும்பத்தில் பெண் பார்க்க வந்துவிட்டு “கொஞ்சம் பூசினாற்போல இருக்கிறாள்” என்று இழுக்கிறார்கள். இழுப்பவரின் தொப்பை மேசையில் இடிக்கிறது.

மயிலாப்பூர் மைனா:
வணக்கம், சென்னையில் இருந்து எழுதுகிறேன். எங்களுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. 38 கேட்டால் 38 கொடுப்பார்கள்.

வாக்வா வாணி:
அப்படியா? எனக்கு வந்தது சூரத் சரக்கு. உங்கள் நாட்டுச் சரக்கு.

மயிலாப்பூர் மைனா:
சூரத் எங்கே, சென்னை எங்கே! மொரீஷியஸில் இருப்பவர்களுக்கு எல்லாம் ஒரே இந்தியாதான் போல.

மோகா முத்து:
இந்தியாவுக்கென்று சொந்த அளவுப் பட்டியல் இல்லாமல்தான் நிஃப்ட் என்கிற ஆடை வடிவமைப்புக் கல்வி நிறுவனம் 25,000 பேரை அளக்கத் திட்டம் போட்டது. அதற்கு எடுத்த ஆறு நகரங்கள் டெல்லி, மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், பெங்களூரு, ஷில்லாங். சென்னையைத் தேடிப் பாருங்கள் மைனா.

மயிலாப்பூர் மைனா:
தெற்குக்குத்தான் பெங்களூரு இருக்கிறதே. எல்லாம் ஒரே உடல்வாகுதான்.

பொபாசான் புவனா:
இப்போது மட்டும் எல்லாம் ஒன்றா?

தையல் வாத்தியார்:
பேச்சு எங்கெங்கோ போகிறது. அளவு என்பது விஞ்ஞானம். 1939, 40இல் அமெரிக்க அரசு சுமார் 15,000 பெண்களை அளந்தது. ஆளுக்கு ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் டேப் வைத்தார்கள். சும்மா கடைக்காரன் மனதில் தோன்றிய எண் இல்லை இது. இங்கே 1970இல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் வந்து, அதன் பிறகு ஆலைகள் பெருகி, நம் பெண்கள் ஐரோப்பாவுக்குத் தைத்துத் தள்ளினார்கள். அப்போது அரை செ.மீ. பிசகினாலும் பெட்டியோடு திரும்பி வரும். நான் கட்டிங்கில் இருந்தவரை ஒரு பெட்டி திரும்பியதில்லை. ஒரு ஆர்டருக்குத் துணி வெட்டுவதற்கான பேட்டர்ன் வரும், அதில் மார்பு, இடுப்பு, தோள், கை நுழைகிற ஆர்ம்ஹோல் எல்லாம் துணியளவில் எழுதியிருக்கும். உடம்பளவை எழுத மாட்டார்கள். ஏன்? யார் உடம்பை எழுதுவது? வாணி தங்கச்சி செய்ய வேண்டியது, தனக்குப் பொருந்துகிற ஒரு பழைய குர்த்தாவை எடுத்து, தரையில் விரித்து, அக்குளுக்கு அக்குள் டேப் வைத்து அளந்து, இரண்டால் பெருக்குவது. அந்த எண்ணைக் கடையில் கேட்க வேண்டும். உடம்பில் டேப் சுற்றிக்கொண்டு போனால் இப்படித்தான். 38 துணியளவு.

மோகா முத்து:
வாத்தியாரே, அந்த 15,000 பேரில் வெள்ளைக்காரப் பெண்களின் அளவுகளைத்தானே கணக்கில் சேர்த்தார்கள்? மற்றவர்களை அளந்துவிட்டு ஒதுக்கிவிட்டார்கள். அதை வைத்து 1958இல் அளவுத் தரம் போட்டார்கள், 1983இல் அரசே கைவிட்டது. நல்ல விஞ்ஞானம்.

தையல் வாத்தியார்:
கைவிட்டதும் விஞ்ஞானம்தான்.

வாக்வா வாணி:
சரி, உங்கள் கணக்குக்கே வருகிறேன். அந்தக் குர்த்தாவைத் தரையில் விரித்து இப்போதுதான் அளந்தேன். அக்குளுக்கு அக்குள் 18 அங்குலம். சுற்றளவு 36. அது உடம்பின் 38 இல்லை என்கிறீர்கள், துணியும் 38 இல்லை என்றால் சீட்டில் இருக்கும் 38 யாருடையது? கடைக்காரரின் வயதா?

தையல் வாத்தியார்:
தண்ணீரில் போட்டீர்களா? ரேயான் சுருங்கும்.

வாக்வா வாணி:
போடவே இல்லை. போடுவதற்கு முன்னால்தான் பிய்ந்துவிட்டதே.

தையல் வாத்தியார்:
தையல் விட்ட துணியை அளந்தால் சரியாக வராது.

வாக்வா வாணி:
பிய்ந்தால் அளவு கூடும் ஐயா. குறையாது.

குறள்பித்தன்:
நம் புலவர்கள் பெண்ணின் இடையை மின்னல் என்றார்கள், கடைசியில் இடையே இல்லை என்றும் பாடிவிட்டார்கள். நம் பண்பாட்டின் அழகு அது. இப்போது எல்லோரும் குர்த்தாவுக்கு அழுகிறீர்கள். புடவை கட்டினால் இந்தச் சண்டையே கிடையாது. ஐந்தரை மீட்டர், எல்லா உடம்புக்கும் ஒன்றே.

பொபாசான் புவனா:
ஐயா வந்துவிட்டார். இடையே இல்லாதவள் புடவையை எங்கே செருகுவாள்? புடவைக்கு ஜாக்கெட் வேண்டாமா? ஜாக்கெட்டுக்கு அளவு வேண்டாமா? கை இறுக்கி ரத்தம் ஓடாமல் ஒரு கல்யாணம் முழுக்க உட்கார்ந்திருக்கிறீர்களா? வேட்டியைச் சுற்றிக்கொண்டு அறிவுரை சொல்வது சுலபம்.

குறள்பித்தன்:
மரியாதையாகப் பேசலாம் அம்மா. நான் பொதுவாகச் சொன்னேன்.

கத்ர்போர்ன் காரி:
வியாழன், ஞாயிறு கத்ர் போர்ன் துணிச்சந்தைக்குப் போங்கள். ஆலையில் மிஞ்சிய ஏற்றுமதி சரக்கு வரும். சீட்டையே வெட்டி எடுத்திருப்பார்கள், எண்ணைப் பார்த்து அழ வேண்டியதில்லை. மேலே வைத்துப் பார்த்து வாங்க வேண்டியதுதான்.

மோகா முத்து:
போட்டுப் பார்க்க இடம்?

கத்ர்போர்ன் காரி:
அண்ணி துப்பட்டாவைப் பிடித்துக்கொள்வாள்.

தையல் வாத்தியார்:
சந்தையில் இப்போது வருவது சீனச் சரக்கு. எந்த நாடு எவ்வளவு துணி அனுப்பலாம் என்று வரம்பு கட்டிய கோட்டா முறை 2005இல் முடிந்ததோடு நம் ஆலைகள் பல மூடின, சில மடகாஸ்கர் போயின. அன்று மிஞ்சிய சரக்கு என்றால் அது சரக்கு. இன்று வருவதில் தையலுக்கு உள்ளே கால் அங்குலம்கூடத் துணி விடுவதில்லை. பிரித்துப் பெரிதாக்க வழியில்லை. இதை யாரும் பேச மாட்டீர்கள். ஆனால் 38 துணியளவு என்பதில் மாற்றமில்லை.

பொபாசான் புவனா:
வாத்தியாரே, துணி விடுவதைப் பற்றி நீங்களா பேசுகிறீர்கள்? போன காவடிக்குக் கொடுத்த ஜாக்கெட் துணி என்ன ஆயிற்று? அளவு ஜாக்கெட்டும் உங்களிடம்தான் இருக்கிறது.

தையல் வாத்தியார்:
அதை இங்கே பேச வேண்டாம். லைனிங் சேராததால் நின்றது. லா கோர்தெரி தெருவில் அந்த நிறம் கிடைக்கவில்லை.

பொபாசான் புவனா:
கடை கடையாக லைனிங் தொங்குகிறது அந்தத் தெருவில்.

தையல் வாத்தியார்:
அந்த நிறம் இல்லை என்றேன்.

மயிலாப்பூர் மைனா:
சென்னையில் இரண்டே நாளில் தைத்துக் கொடுத்துவிடுவார்கள்.

பொபாசான் புவனா:
உங்களை யாரும் கேட்கவில்லை.

வாக்வா வாணி:
என் கேள்விக்கு யாராவது பதில் சொல்லுங்கள். 36 அங்குலத் துணியில் 38 என்று சீட்டு ஒட்டலாமா, கூடாதா?

தையல் வாத்தியார்:
டேப்பின் முனை தேய்ந்திருக்கும். பழைய டேப் பொய் சொல்லும். புது டேப் வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு அளந்துவிட்டு வாருங்கள், அப்புறம் பேசலாம்.

வாக்வா வாணி:
கண்ணாடியா?!

குறள்பித்தன்:
நான் சொன்ன புடவைக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.