பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றினால் புது பிசி பூட் ஆக மாட்டேன் என்கிறது

பொருநைக்கரை

எல்லோருக்கும் வணக்கம். முதல் தடவையாக நானே ஒரு பிசி அசெம்பிள் செய்திருக்கிறேன். ரைசன் 5 5600ஜி, பி550 போர்டு, 16 ஜிபி ரேம், 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி. கிராஃபிக்ஸ் கார்டு பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். வீட்டில் இருந்தது 2017-இல் வாங்கிய ஏழாம் தலைமுறை ஐ3. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு சப்போர்ட்டை நிறுத்திவிட்டார்கள், அதில் 11 முறைப்படி ஏறாது, அதனால்தான் இந்தச் செலவே. அந்தப் பழைய கம்ப்யூட்டரின் 1 டிபி ஹார்ட் டிஸ்கைக் கழற்றி இதில் மாட்டிக்கொண்டேன், வீட்டு ஃபோட்டோக்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன, பழைய விண்டோஸ் 10-உம் அழிக்காமல் அப்படியே இருக்கிறது.

பென் டிரைவில் விண்டோஸ் 11 ஏற்றி, எஸ்எஸ்டியைத் தேர்ந்தெடுத்து நெக்ஸ்ட் கொடுத்தேன், அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. (இடையில் இன்டர்நெட் இல்லாமல் நகர மாட்டேன் என்று அடம்பிடித்தது, என் வைஃபை டாங்கிளுக்கு டிரைவர் இல்லை, ஃபோனைக் கேபிளில் மாட்டி டெதரிங் போட்டுத் தாண்டினேன்.) ஒரு வாரம் ஜோராக ஓடியது. ஆன் செய்யும்போது மட்டும் நீலத் திரை வந்து 11 வேண்டுமா 10 வேண்டுமா என்று கேட்கும், நானும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஹார்ட் டிஸ்கிலிருந்து அவ்வப்போது டக் டக் என்று சத்தம் வருகிறதே என்று நேற்று அதைக் கழற்றிவிட்டு ஆன் செய்தேன். நேரே பயாஸுக்குள் (போர்டின் செட்டிங் திரை) போய் நிற்கிறது. சேமிப்புச் சாதனங்களின் பட்டியலில் எஸ்எஸ்டி தெரிகிறது, பூட் வரிசையில் மட்டும் இல்லை. ஹார்ட் டிஸ்கைத் திரும்ப மாட்டினால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடுகிறது! விண்டோஸ் எஸ்எஸ்டியில்தானே இருக்கிறது, சி டிரைவ் 465 ஜிபி என்றுதானே காட்டுகிறது? பாகங்கள் வாங்கிய கடையில் கேட்டால் எஸ்எஸ்டி ஃபால்ட்டாக இருக்கும், கொண்டு வாருங்கள், செக் செய்ய 500 ரூபாய் என்கிறார்கள். கொண்டு போகவா?

மின்னல்_வேகம்

பயாஸில் சிஎஸ்எம் என்று ஒன்று இருக்கும், அதை ஆன் செய்யுங்கள் ப்ரோ. எனக்கு அப்படித்தான் சரியாச்சு.

பழைய ஸ்க்ரூடிரைவர்

சிஎஸ்எம்மைத் தொடாதீர்கள். அது பழைய பயாஸ் முறையில் பூட் செய்வதற்கானது, விண்டோஸ் 11 போட்டது அதற்கு மாற்றாக வந்த யுஇஎஃப்ஐ என்ற புது முறையில், அதை ஆன் செய்தால் இருக்கிற குழப்பத்தோடு இன்னொரு குழப்பமும் சேரும். கடைக்கும் போக வேண்டாம், அந்த 500 ரூபாயை வைத்து ஒரு நல்ல சாட்டா கேபிள் வாங்கிக்கொள்ளுங்கள்.

நான் நினைப்பது சரியா என்று முதலில் பார்ப்போம். ஹார்ட் டிஸ்கை மாட்டி விண்டோஸுக்குள் போய், ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறங்கள். கீழே ஒவ்வொரு டிஸ்கும் ஒரு வரிசையாகத் தெரியும். 100 எம்பி அளவில் 'இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன்' (பார்ட்டிஷன் என்றால் டிஸ்கில் பிரித்த ஒரு துண்டு) என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அது எந்த டிஸ்கில் இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள் தம்பி.

பொருநைக்கரை

பார்த்தேன் அண்ணா. டிஸ்க் 0 (ஹார்ட் டிஸ்க்) வரிசையில்தான் அந்த 100 எம்பி கட்டம் இருக்கிறது. எஸ்எஸ்டி வரிசையில் சி-யும் கடைசியில் ரெகவரி என்று ஒரு துண்டும்தான், இஎஃப்ஐ என்று எதுவும் இல்லை. அப்படியானால் என்ன அர்த்தம்?

பழைய ஸ்க்ரூடிரைவர்

உங்கள் எஸ்எஸ்டி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். வீடு புது மனையில், வாசல் மட்டும் பழைய மனையில்.

யுஇஎஃப்ஐ போர்டு ஆன் ஆனதும் விண்டோஸ் ஃபோல்டரை நேராகத் தேடாது. ஃபேட்32-இல் ஃபார்மட் செய்த அந்தச் சின்ன இஎஃப்ஐ பார்ட்டிஷனுக்குள் இருக்கும் விண்டோஸ் பூட் மேனேஜரைத்தான் எழுப்பும், அது போய் சி-யில் இருக்கும் விண்டோஸை எழுப்பும். இன்ஸ்டால் செய்யும்போது வேறொரு டிஸ்கில் ஏற்கெனவே ஒரு இஎஃப்ஐ பார்ட்டிஷன் இருந்தால், விண்டோஸ் இன்ஸ்டாலர் பல நேரங்களில் புதிதாக ஒன்றை உருவாக்காமல் அதையே எடுத்துக்கொள்ளும், உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காது. 11-ஆ 10-ஆ என்று கேட்ட அந்த நீலத் திரை வேறெங்கிருந்தும் வரவில்லை, பழைய டிஸ்கின் பூட் மேனேஜரில் புது விண்டோஸின் பெயரும் ஏறிவிட்டது, அவ்வளவுதான். காலி டிஸ்கில் ஒழுங்காக இன்ஸ்டால் ஆகியிருந்தால் 100 எம்பி சிஸ்டம், 16 எம்பி எம்எஸ்ஆர் (விண்டோஸ் தனக்கென ஒதுக்கிக்கொள்ளும் இடம், டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் இது தெரியாது), விண்டோஸ், ரெகவரி என்று நான்கு துண்டுகள் இருக்கும்.

என் சர்வீஸ் கடைக்கு இதே புகாரோடு மாதத்துக்கு ஒருவராவது வருகிறார், அதில் பாதிப் பேர் அதற்குள் புது எஸ்எஸ்டியே வாங்கிவிட்டிருப்பார்கள். எனக்கு உண்மையில் கவலை தருவது அந்த டக் டக் சத்தம்தான். கம்ப்யூட்டரின் வாசல் சாகக் கிடக்கிற டிஸ்கில் இருக்கிறது, அது போனால் விண்டோஸும் எழுந்திருக்காது, ஃபோட்டோவும் போகும்.

ஒரு வாரக் கம்ப்யூட்டர்தானே, திரும்பவே இன்ஸ்டால் செய்துவிடுங்கள், ரிப்பேர் வேலையைவிட அது சுத்தம். பவர் சப்ளையின் சுவிட்சை அணைத்துவிட்டு ஹார்ட் டிஸ்கின் இரண்டு கேபிள்களையும் பிடுங்கிவிடுங்கள். பென் டிரைவில் பூட் செய்ய, ஆன் ஆகும்போது பூட் மெனு கீயைத் தட்ட வேண்டும், ஆசஸ் போர்டு என்றால் எஃப்8, எம்எஸ்ஐ என்றால் எஃப்11, ஜிகாபைட் என்றால் எஃப்12. பென் டிரைவ் பெயர் இரண்டு தடவை வந்தால் முன்னால் யுஇஎஃப்ஐ என்று போட்டிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு எஸ்எஸ்டியில் இருக்கும் பார்ட்டிஷன் எல்லாவற்றையும் டெலிட் செய்து, மொத்தமும் 'அன்அலோகேட்டட்' என்று ஒரே வரியாக ஆனதும் நெக்ஸ்ட். நீங்களாக பார்ட்டிஷன் பிரிக்க வேண்டாம், அதுவே பிரித்துக்கொள்ளும். ஹார்ட் டிஸ்க் மேசை மேல் இருப்பதால் தப்பித்தவறிக்கூட ஃபோட்டோ டிஸ்கை அழித்துவிட முடியாது, என் கடையில் நான் எப்போதும் இப்படித்தான், இன்ஸ்டால் செய்ய வேண்டிய டிஸ்க் ஒன்றுதான் போர்டில் இருக்கும்.

பொருநைக்கரை

அண்ணா, மனையும் வாசலும் நன்றாகப் புரிந்தது. ஒரே சந்தேகம், லைசென்ஸ் கீயைக் காசு கொடுத்து வாங்கி ஆக்டிவேட் செய்திருக்கிறேன். திரும்ப இன்ஸ்டால் செய்தால் அது வீணாகிவிடுமா?

கருவேலங்காடு

ஆகாது. ஒரு தடவை ஆக்டிவேட் ஆகிவிட்டால் டிஜிட்டல் லைசென்ஸாக உங்கள் மதர்போர்டோடு சேர்த்து மைக்ரோசாஃப்ட் பக்கம் பதிவாகியிருக்கும். இன்ஸ்டால் செய்யும்போது கீ கேட்டால் 'கீ இல்லை' என்று கொடுத்துவிடுங்கள், முன்னால் போட்ட அதே பதிப்பை, ஹோம் என்றால் ஹோம், ப்ரோ என்றால் ப்ரோ, தேர்ந்தெடுத்தால் இன்டர்நெட் வந்ததும் தானாக ஆக்டிவேட் ஆகும். மதர்போர்டை மாற்றினால்தான் தலைவலி.

ஆனால் ஸ்க்ரூடிரைவர் சார் சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஒரு வாரத்தில் சாஃப்ட்வேர், கேம், செட்டிங் என்று எவ்வளவோ போட்டிருப்பார், இதற்காக எதற்கு எல்லாவற்றையும் துடைக்க வேண்டும்? இருக்கிற விண்டோஸிலிருந்தே சரிசெய்யலாம். அட்மினாக கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, டிஸ்க்பார்ட் கட்டளையில் சி-யை ஒரு 300 எம்பி சுருக்கி, கிடைத்த இடத்தில் இஎஃப்ஐ வகை பார்ட்டிஷன் ஒன்றை உருவாக்கி, ஃபேட்32 ஆக ஃபார்மட் செய்து, எஸ் என்று எழுத்து கொடுங்கள். டிஸ்க்பார்ட்டிலிருந்து வெளியே வந்து பிசிடிபூட் கட்டளையில் சி-யின் விண்டோஸ் ஃபோல்டரையும், எஸ் டிரைவையும், யுஇஎஃப்ஐ என்பதையும் சொன்னால், தேவையான பூட் ஃபைல்களை அதுவே அங்கே எழுதிவிடும். மொத்தம் பத்து நிமிஷம். நான் இரண்டு முறை செய்திருக்கிறேன்.

பழைய ஸ்க்ரூடிரைவர்

வழி சரிதான், நானும் கடையில் செய்வேன், வாடிக்கையாளர் டேட்டா நிறைய இருந்தால் அதுதான் முறை. ஆனால் முதல் முறை பிசி கட்டியவர் டிஸ்க்பார்ட்டில் டிஸ்க் நம்பரைத் தப்பாக அடித்தால் என்ன ஆகும்? 0 அடிக்க வேண்டிய இடத்தில் 1, இல்லை 1-க்குப் பதில் 0, அது 'நிச்சயமா?' என்றெல்லாம் கேட்காது. அதுவும் ஃபோட்டோ டிஸ்கை மாட்டி வைத்துக்கொண்டு! அதனால்தான் வேண்டாம் என்றேன்.

எந்த வழியில் போனாலும் இன்னொன்று பார்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து, மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்ளே போனால் ஹோம் பதிப்பில்கூட பல கம்ப்யூட்டர்களில் டிரைவ் என்க்ரிப்ஷன் தானாகவே ஆன் ஆகிவிடுகிறது. பூட் சம்பந்தமாகக் கைவைத்தால் ரெகவரி கீ கேட்டு நின்றுவிடலாம். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கின் பக்கத்தில் அந்த 48 இலக்க எண் இருக்கிறதா என்று பார்த்து ஒரு பேப்பரில் எழுதி வையுங்கள். அதே கம்ப்யூட்டரில் நோட்பேடில் சேமித்து வைத்த ஆட்களையும் பார்த்திருக்கிறேன்.

மிண்ட் இலை

இது விண்டோஸின் தனிச்சொத்து இல்லை மக்களே. உபுண்டு லினக்ஸின் பழைய இன்ஸ்டாலரில் பூட்லோடரை (சிஸ்டத்தை எழுப்பும் நிரல்) எந்த டிஸ்கில் போட வேண்டும் என்று கேட்டு ஒரு பெட்டியே வரும், நாம் இரண்டாவது டிஸ்கைக் காட்டினாலும் அது முதல் டிஸ்கின் இஎஃப்ஐ பார்ட்டிஷனில் போய் உட்கார்ந்துகொள்ளும். நான் எக்ஸ்டெர்னல் டிஸ்கில் லினக்ஸ் போட்டு, அதைப் பிடுங்கியதும் வீட்டுக் கம்ப்யூட்டர் விண்டோஸுக்குப் போகாமல் லினக்ஸின் பூட்லோடரான க்ரப்பின் கறுப்புத் திரையில் நின்றுவிட்டது, அண்ணன் என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை. நானும் கேபிளைப் பிடுங்கிவிட்டு இன்ஸ்டால் செய்கிற கட்சிதான்.

(5600ஜி-க்கு லினக்ஸும் அருமையாக ஓடும், டிரைவர் எதுவும் தேட வேண்டாம், சொல்லிவைக்கிறேன்.)

பொருநைக்கரை

முடிந்தது! கருவேலங்காடு சார், உங்கள் வழியைப் படித்ததும் ஆசையாகத்தான் இருந்தது, ஆனால் கை நடுங்கியது, அதனால் ஸ்க்ரூடிரைவர் அண்ணா சொன்னபடியே டிஸ்கைப் பிடுங்கிவிட்டு இன்ஸ்டால் செய்தேன். இந்தத் தடவை நான்கு துண்டுகள் வந்தன, முதலில் 100 எம்பி சிஸ்டம். மறுபடியும் இன்டர்நெட் கேட்டது, மறுபடியும் ஃபோன் டெதரிங். ஆக்டிவேஷனும் தானாக வந்துவிட்டது, கீயைத் தேடி எடுக்கவே இல்லை.

நடுவில் ஒரு சின்ன அதிர்ச்சி. முதல் ரீஸ்டார்ட்டில் திரும்ப ஆரம்பப் பக்கத்துக்கே போய்விட்டது, என்னடா என்று பார்த்தால் பென் டிரைவ் பூட் வரிசையில் முதலில் இருந்திருக்கிறது, பிடுங்கியதும் சரியாகிவிட்டது. ஹார்ட் டிஸ்கை மாட்டியபோது பூட் வரிசையில் விண்டோஸ் பூட் மேனேஜர் என்று இரண்டு வந்தன, ஒன்றில் எஸ்எஸ்டி பெயர், இன்னொன்றில் ஹார்ட் டிஸ்க் பெயர். எஸ்எஸ்டியை முதலில் வைத்தேன். அந்த நீலத் திரை வரவில்லை, நேரே 11.

இப்போது ஃபோட்டோ காப்பி ஆகிக்கொண்டிருக்கிறது. மொத்தம் 212 ஜிபி, எஸ்எஸ்டியில் இடம் போதும்.

பழைய ஸ்க்ரூடிரைவர்

நல்லது. காப்பி ஆகும்போது இடையில் நின்றால் திரும்பத் திரும்ப முயற்சி செய்து டிஸ்கை வறுத்தெடுக்காதீர்கள், முக்கியமான ஃபோல்டரை முதலில் எடுங்கள். எஸ்எஸ்டியில் வந்ததும் ஒரு எக்ஸ்டெர்னல் டிஸ்கிலும் போட்டு வையுங்கள், ஒரு காப்பி போதாது.

பொருநைக்கரை

அப்பா அம்மா கல்யாண ஃபோட்டோக்களை ஸ்கேன் செய்து வைத்த ஃபோல்டரை முதலில் எடுத்துவிட்டேன் அண்ணா. மீதியில் 90 ஜிபி வந்திருக்கிறது. டக் டக் இன்னும் நிற்கவில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.