மறு: கேமுக்கு நெம்புருள் வேண்டாம், புடைவட்டு என்போம்

அனைவருக்கும் வணக்கம்.

வீட்டில் வைத்தே மோட்டார் சைக்கிளின் கேம், அதாவது எஞ்சினுக்குள் சுழன்று வால்வைத் திறந்துவிடும் உறுப்பு, மாற்றும் கையேட்டுக்கான சொற்பட்டியலைப் பார்த்தேன். பெரும்பாலான சொற்களில் எனக்கு மறுப்பில்லை. இரண்டு இடங்களில் மட்டும் கொஞ்சம் நின்று கதைக்க வேண்டும். முதலாவது கேமுக்கான சொல். கோயம்புத்தூர் நண்பர் எழுதியது:

> நெம்புருள் என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. கேம் ஷாஃப்ட்டை நெம்புருள் தண்டு என்று எழுதுகிறார்கள். இருப்பதை விட்டுவிட்டுப் புதிதாக ஏன் தேட வேண்டும்?

நியாயமான கேள்வி. நிலைத்த சொல்லைக் கலைப்பதில் எனக்கும் விருப்பமில்லை. ஆனால் இந்தக் கையேட்டை வாசிக்கப்போகிறவர் கையெல்லாம் எண்ணெயாக, எஞ்சின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு வாசிப்பார். அந்த நேரத்தில் நெம்புருள் என்ற பெயர் அவரை வேறு உறுப்பைப் பார்க்க வைத்துவிடும்.

இலங்கையில் தமிழ்மொழி மூலம் படித்தவர்களுக்கு நெம்பு புதிய சொல் இல்லை. விஞ்ஞானப் பாடத்தில் எளிய பொறிகள் வரும்போது நெம்பு, பொறுதி, எத்தனம், சுமை என்று நான்கையும் சேர்த்தே படிக்கிறோம். பொறுதியில் ஊன்றி ஒரு முனையை அசைக்க மறுமுனை வேலை செய்தால் அது நெம்பு. இப்போது ஒரு சாதாரண 125 சிசி பைக்கின் சிலிண்டர் தலையைத் திறந்து பாருங்கள். நெம்பு அங்கே நிச்சயம் இருக்கிறது. ஆனால் அது கேம் இல்லை, கேமுக்கு மேலே உட்கார்ந்திருக்கும் ரொக்கர் ஆர்ம். அதன் நடுவே ஊடுருவிப் போகும் உருக்குக் கம்பி பொறுதி. கேம் ஒரு முனையைத் தூக்குவது எத்தனம். மறுமுனை அமுக்குகிற வால்வும் ஸ்பிரிங்கும் சுமை. பாடநூல் படத்தில் இருப்பதெல்லாம் அங்கே அப்படியே இருக்கிறது. உண்மையான நெம்பு பக்கத்திலேயே இருக்கும்போது, நெம்பாத ஒன்றுக்கு நெம்புருள் என்று பெயர் வைத்தால் வாசிப்பவர் எதைத் தொடுவார்?

கேம் சுழல மட்டுமே செய்கிறது. அதன் சுற்றளவில் ஒரு பக்கம் புடைத்திருக்கிறது. அந்தப் புடைப்பு வரும்போது வால்வு திறக்கிறது, போனதும் ஸ்பிரிங் வால்வை மூடிவிடுகிறது. ஆகவே கேமைப் புடைவட்டு என்றும், கேம் ஷாஃப்ட்டைப் புடைத்தண்டு என்றும் சொல்லலாம் என்பது என் முன்மொழிவு. எனக்கு முதலில் வாயில் வந்தது புடைச்சில்லு. எங்களுக்குச் சில்லு என்றால் சக்கரம். ஆனால் தமிழ்நாட்டில் சில்லு என்றால் உடைந்த துண்டு, கணினிச் சில்லு என்றெல்லாம் போகும். வட்டு இரண்டு கரைக்கும் பொது. புடைத்தல் என்றதும் சுளகில் அரிசி புடைப்பது நினைவுக்கு வரும் என்று யாராவது சொல்லக்கூடும். புடைப்புச் சிற்பம் என்கிறபோது ஒருவரும் சுளகை நினைப்பதில்லையே.

உண்மையான பயன் இனித்தான் வருகிறது. புடைவட்டுக்கு இரண்டு இடங்கள் உண்டு. புடைத்த பக்கத்தின் உச்சியை முகடு என்போம். மீதிச் சுற்று வெறும் வட்டம், அதை அடிவட்டம் என்போம். இந்த இரண்டும் தெளிவாக இருந்தால் கையேட்டின் மிகச் சிக்கலான பகுதியை, அதாவது கேமைக் கழற்றுமுன் எஞ்சினைச் சரியான நிலைக்குக் கொண்டுவருவதை, மூன்று வரியில் எழுதிவிடலாம். பிஸ்டன் சுழற்றும் கிராங்கோடு சேர்ந்து சுற்றும் பிளைவீலில் உள்ள டி கோடு (பிஸ்டன் உச்சிக்கு வந்ததைக் காட்டுவது) அடையாளத்துக்கு நேரே வருவது மட்டும் போதாது. நான்கு வீச்சு எஞ்சினில் கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றப் புடைத்தண்டு ஒரு சுற்றுத்தான் சுற்றுகிறது. ஆகவே டி கோடு இரண்டு தரம் நேரே வரும். ஒன்றில் காற்றும் பெட்ரோலும் அமுக்கப்பட்டு முடிந்திருக்கும், மற்றதில் புகை வெளியேறி முடிந்திருக்கும். நமக்கு வேண்டியது முதலாவது. அதை எப்படிக் கண்டுபிடிப்பது? வழக்கமாக வால்வு இரண்டு, ஆகவே முகடும் நெம்பும் இரண்டிரண்டு: "இரு முகடுகளும் கீழ்நோக்கி இருக்க வேண்டும், இரு நெம்புகளும் அடிவட்டத்தில் தளர்வாக இருக்க வேண்டும்." இவ்வளவுதான். இதே விஷயத்தை நெம்புருளை வைத்து எழுதிப் பாருங்கள்: நெம்புருளின் உச்சி நெம்புகோலைத் தொடாத நிலை என்று ஒரே வாக்கியத்தில் இரண்டு நெம்பு வந்து முட்டிக்கொள்ளும்.

டப்பட் இடைவெளி, அதாவது நெம்புக்கும் வால்வுக்கும் நடுவே விடும் சிறு இடைவெளி, வைப்பதும் அடிவட்டத்தில்தான். சிறிய பைக்குகளில் அது பொதுவாக 0.05 முதல் 0.15 மில்லிமீட்டருக்குள் நிற்கும், அதுவும் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது. முகடு நெம்பைத் தூக்கி வைத்திருக்கும்போது இடைவெளி தேடினால் கிடைக்காது. அதற்காகத் திருகைத் தளர்த்திக்கொண்டே போனால் வால்வு சரியாகத் திறக்காது, எஞ்சின் டக டக என்று அடிக்கும். ஒரு பெடியன் முதல் தடவை இந்த வேலையைச் செய்யும்போது அவனைக் காப்பாற்றப்போவது முகடு, அடிவட்டம் என்ற இரண்டு சொற்கள்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தேய்மானத்தைச் சொல்லவும் இவை உதவும். பழைய புடைத்தண்டைத் துணியால் துடைத்துவிட்டு முகட்டின் மேல் நகத்தை மெதுவாக இழுத்தால், நல்லதில் வழுக்கிக்கொண்டு போகும். கெட்டதில் சிறு குழிகளில் நகம் தட்டுப்படும். அடிவட்டம் அப்போதும் பளபளவென்றே இருக்கும். முகடு குழி விழுந்திருந்தால் அதைத் தொடுகிற நெம்பின் முகத்தையும் பார்க்க வேண்டும். அதுவும் அரித்திருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் புதியதையும் பழையது தின்றுவிடும்.

சென்னையிலிருந்து எழுதும் அக்கா, தண்டு என்பதையே அடிச்சொல்லாக வைத்தால் போதாதா என்று கேட்டிருந்தார். எல்லா எஞ்சினிலும் அது பொருந்தாது அக்கா. பழைய வார்ப்பிரும்பு புல்லட் எஞ்சினில் கேம் பல்சக்கரத்தோடு ஒன்றாகி, நிலையாக நிற்கும் ஓர் அச்சின் மேல் சுற்றுகிறது. அங்கே சுழலும் தண்டு என்று தனியாக ஒன்றுமில்லை. ஹோண்டா சி.ஜி. 125 இல் ஒரே புடைப்புத்தான், அதுவே இரண்டு வால்வுகளையும் பார்த்துக்கொள்கிறது. பழைய ஹார்லி ஸ்போர்ட்ஸ்டரில் நான்கு தனித்தனிக் கேம்கள். ஆகவே புடைவட்டு அடிப்படையாக இருக்கட்டும். தண்டு இருக்கும் இடத்தில் புடைத்தண்டு வரட்டும்.

இரண்டாவது, கருவிகள். பட்டியலில் எல்லாவற்றுக்கும் 'சிறப்புக் கருவி 1', 'சிறப்புக் கருவி 2' என்று போட்டிருக்கிறது. இதை நான் வன்மையாக மறுக்கிறேன். சிறப்பு என்று சொன்னால் இது கராஜ்காரருக்கு மட்டும் உரியது, எனக்கு ஒரு ஸ்குரூ டிரைவரும் சுத்தியலும் போதும் என்று வாசிப்பவர் முடிவெடுத்துவிடுவார். பிளைவீலை வெட்டிரும்பு வைத்து அடித்துக் கழற்றுவது அப்படித்தான் தொடங்குகிறது. அந்த அடி நேரே கிராங்குக்குப் போகும். கருவியின் பெயரே செய்கிற வேலையைச் சொல்ல வேண்டும். பிளைவீல் சுற்றாமல் பிடிப்பது பிடிப்பான். மரையில் ஏறி நடுத்திருகால் இழுத்து எடுப்பது இழுப்பான். வால்வு ஸ்பிரிங்கை அமுக்குவது அமுக்கி. பேரிங்கை நேராக உள்ளே தள்ளுவது செலுத்தி. இழுப்பான் என்று எழுதியிருக்கும் இடத்தில் யாரும் அடிக்க மாட்டார்கள்.

ஹார்லி 1999 மாடல்களில் கொண்டுவந்த ட்வின் கேம் எஞ்சினை உதாரணமாக எடுங்கள். கேம்களை மாற்றும்போது உள்ளே இருக்கும் ஊசி பேரிங்குகளையும் மாற்றுவது வழக்கம். எஞ்சின் உறையைப் பிளக்காமல் அவற்றை வெளியே எடுப்பதற்கென்றே ஓர் இழுப்பான் இருக்கிறது, புதியதைப் பொருத்த ஒரு செலுத்தி இருக்கிறது. இந்த இரண்டு கருவிகள் இருந்தால் வீட்டில் முடியும், இல்லாவிட்டால் முடியாது. அந்த எல்லையைப் பெயர் காட்ட வேண்டும், வெறும் எண் காட்டாது.

புடைத்தண்டைச் சுற்றும் டைமிங் செயின் தளராமல் வைத்திருக்கும் டென்ஷனருக்கு இறுக்கி என்று போட்டிருப்பது மிக நன்று, அப்படியே இருக்கட்டும். ஆனால் அதன் ஸ்பிரிங்கைத் திருகி உள்ளே ஒதுக்கி, திரும்பி வராமல் நிறுத்தி வைக்கும் சின்னத் தகடு ஒன்று உண்டு. அதற்குப் பெயர் விடுபட்டிருக்கிறது. நிறுத்துத்தகடு என்று சேர்த்துவிடுங்கள். சந்தையில் கிடைக்காவிட்டால் தகரத்தில் வெட்டியும் செய்யலாம், ஆகவே படமும் வேண்டும்.

கொழும்பிலிருந்து இன்னொருவர், அங்குள்ள உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையை வைத்து எழுதியது:

> பஞ்சிகாவத்தையில் போய்ப் புடைத்தண்டு கேட்டால் யார் தருவார்?

யாரும் தர மாட்டார்கள், கேட்கவும் வேண்டாம். அங்கே தமிழருக்கும் சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான சொல் கேம் ஷாஃப்ட்தான், டப்பட்தான், டைமிங் செயின்தான். அதைக் கையேடு மறைக்கக் கூடாது. ஒவ்வோர் அத்தியாயத்தின் தொடக்கத்திலும் கடைச்சொல்லை ஒருமுறை பக்கத்திலேயே கொடுத்துவிடுவோம். கடையில் சாமான் வாங்கக் கடைச்சொல், வீட்டில் எது எங்கே போகிறது என்று விளங்கத் தமிழ்ச்சொல். இரண்டும் வேண்டும்.

இதில் எனக்கு அவசரமும் இருக்கிறது. 2020 இல் இலங்கையில் வாகன இறக்குமதி நின்றது, தனியார் வாகனங்களுக்கு 2025 இல்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் இங்கே பழைய பைக்குகளைப் பிரித்துப் பூட்டி ஓட்டப் பழகிவிட்டார்கள். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மாடிக் குடியிருப்புகளின் வாகனத் தரிப்பிடத்தில், போனில் ஆங்கிலமோ ஹிந்தியோ பேசும் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொண்டு பெடியள் வேலை செய்கிறார்கள். அதில் காட்டும் மாடல் வேறு, அளவு வேறு. புடைத்தண்டுச் சக்கரத்தைப் பிடிக்கும் 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர் போதும். அதைத் தோள்பலத்தால் இறுக்கினால் மரை போய்விடும். இதைத் தமிழில் எழுதி அவர்கள் கையில் கொடுக்க வேண்டும்.

மற்றச் சொற்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வால்வு தூக்கப்படும் உயரத்துக்குத் 'தூக்குயரம்' சரி. வால்வு எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதற்குத் 'திறப்பளவு' வேண்டாம். எங்களுக்குத் திறப்பு என்றால் சாவி, அப்புறம் அதை அளப்பது கிராங்கின் பாகையில். 'திறந்திருக்கும் கோணம்' என்று நீட்டியே எழுதுவோம். போல்ட்டை அளவோடு இறுக்கும் டார்க் ரென்ச்சை இப்போதைக்கு அப்படியே விடலாம்.

ஸ்டார்ட் பண்ணும்போது அமுக்கத்தைக் குறைக்கப் புடைத்தண்டிலேயே ஒரு சின்ன உறுப்பு சில மாடல்களில் வருகிறது. அதற்கு என்னிடம் 'அமுக்கம் தளர்த்தி' மட்டும்தான் இருக்கிறது, கொஞ்சம் நீளம். கடைசிப் படி தட்டச்சுக்குப் போகும் முன் யாராவது இதைவிடக் குறுகிய சொல் ஒன்று தாருங்கள்.