மறு: ‘ட்ராஜெக்டரி ரீகன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்பதற்குத் தமிழ்ச்சொல்

வணக்கம்.

ஒரு விண்கலம் வந்த பாதையைக் கருவிகளின் அளவீடுகளிலிருந்து பிற்பாடு கணக்கிட்டுப் பெறுவதே ‘ட்ராஜெக்டரி ரீகன்ஸ்ட்ரக்‌ஷன்’. இதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற கேள்விக்கு இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: எறிபாதை மறுகட்டமைப்பு, இறங்குதடக் கணிப்பு, பாதை மீட்பு. எதை எடுப்பது என்று பேசுமுன் இந்த வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடலாம். ஹைகன்ஸ் ஆய்கலம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

2005 ஜனவரி 14 அன்று அது சனியின் நிலவான டைட்டனில் இறங்கியது. நொடிக்குச் சுமார் 6 கி.மீ. வேகத்தில் காற்றுமண்டலத்துக்குள் நுழைந்து, பிறகு பாராசூட்டில் தொங்கியபடி ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் கீழே வந்தது. எந்த நொடியில் எந்த உயரத்தில், என்ன வேகத்தில் இருந்தது என்பதையெல்லாம் கருவிகளின் அளவீடுகளை வைத்துப் பிற்பாடுதான் கணக்கிட்டார்கள்.

மேல்பகுதிக்கு முடுக்கமானி. காற்றுத் தடையால் வேகம் குறைவதை அது அளக்கிறது. அந்த அளவீட்டை ஒருமுறை தொகையிட்டால் (நொடிக்கு நொடி கூட்டிக்கொண்டே போனால்) வேகம். இன்னொரு முறை தொகையிட்டால் கடந்த தூரம். கலத்தின் நிறையும் வடிவமும் தெரியும் என்பதால் காற்றின் அடர்த்தியும் அதிலிருந்தே கிடைக்கும். பாராசூட் விரிந்த பிறகு அழுத்தமும் வெப்பநிலையும் கைகொடுக்கின்றன. இரண்டு அளவீடுகளுக்கு நடுவே அழுத்தம் எவ்வளவு கூடியது, அங்குள்ள வாயு எவ்வளவு கனம் என்று தெரிந்தால், எத்தனை மீட்டர் இறங்கியது என்று சொல்லிவிடலாம். தரையைச் சுழியாக வைத்து மேல்நோக்கிக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். மேலிருந்து வரும் கணக்கும் கீழிருந்து ஏறும் கணக்கும் பாராசூட் விரிந்த இடத்தில் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் நுழைவின்போது இருந்த நிலையையும் வேகத்தையும் பிழை வரம்புக்குள் திருத்தி, மறுபடி முதலிலிருந்து.

பக்கவாட்டு நகர்வின் கதை தனி. ஹைகன்ஸைச் சுமந்து சென்ற தாய்க்கலமான காசினியில் ஓர் ஏற்பியை இயக்கும் கட்டளை விடுபட்டதால், ரேடியோ சமிக்ஞையின் அதிர்வெண் நகர்வைக் கொண்டு காற்றை அளக்கும் டாப்ளர் சோதனையின் தரவு காசினிக்குக் கிடைக்கவே இல்லை. நல்லவேளையாக ஹைகன்ஸ் அனுப்பிய அதே சமிக்ஞையைச் சுமார் 120 கோடி கி.மீ. தொலைவில், அமெரிக்காவின் கிரீன் பேங்க், ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் வானொலித் தொலைநோக்கிகள் கேட்டுக்கொண்டிருந்தன. அதிர்வெண் நகர்வை வைத்து, காற்று கலத்தைக் கிழக்கே எவ்வளவு தள்ளியது என்று கண்டுபிடித்தார்கள்.

சரி, சொல்லுக்கு வருவோம்.

‘எறிபாதை’ பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் எறிபொருளோடு வரும் சொல். அங்கே காற்றுத் தடையைத் தள்ளிவிட்டுத்தான் கணக்குப் போடுகிறோம். இங்கே காற்றுத் தடைதான் எல்லாமே. ‘கணிப்பு’ என்றால் வானிலைக் கணிப்பு போல முன்கூட்டிச் சொல்வது என்ற பொருள் வந்துவிடும். கலம் கிளம்புமுன் போடும் கணக்குக்கு அது பொருந்தும், அதற்கே விட்டுவைப்போம். ‘மீட்பு’ என்றதும் கடலில் விழுந்த கலத்தைத் தூக்கி வருவதுதான் நினைவுக்கு வரும். ‘மறுகட்டமைப்பு’ வங்கிக் கடனுக்கும் நிறுவனத்துக்கும் போய்விட்டது.

என் பரிந்துரை: இறங்குபாதை மீட்டுருவாக்கம். தொல்திராவிடச் சொற்களை, இன்று மிஞ்சியிருக்கும் வடிவங்களிலிருந்து பெறுவதை மொழியியலார் மீட்டுருவாக்கம் என்றுதான் சொல்கிறார்கள். எஞ்சிய சான்றுகளிலிருந்து நடந்ததைப் பெறுவது என்ற பொருள் அந்தச் சொல்லில் ஏற்கெனவே படிந்திருக்கிறது.

‘இறங்குதடம்’ எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் ஹெலிகாப்டர் இறங்குதளம் என்பதோடு ஓரெழுத்துதான் வேறுபாடு. அச்சில் நிச்சயம் குழம்பும். அதனால் பாதையே இருக்கட்டும்.

நீளமாக இருக்கிறது என்ற குறை நியாயமானது. வினையாக்கிப் பாருங்கள்: “முடுக்கமானித் தரவிலிருந்து இறங்குபாதையை மீட்டுருவாக்கினர்.” வாக்கியம் தடங்கலில்லாமல் ஓடுகிறது. ஏறும் ஏவுகலத்துக்கு ‘ஏறுபாதை’, கோளைச் சுற்றுவதற்கு இருக்கவே இருக்கிறது ‘சுற்றுப்பாதை’. அப்புறம், இவை மூன்றுக்கும் பொதுவாக ‘இயங்குபாதை’ என்று வைக்கலாமா? இயற்பியல் ஆசிரியர்கள் யாராவது சொன்னால் நல்லது.