அமெரிக்கக் கச்சேரிப் பயணம்: மிருதங்கம் வாசிப்பவர் எதிர்பார்க்க வேண்டியவை என்ன?

கேள்வி – தஞ்சை_மாணவன்

அனைவருக்கும் வணக்கம். வரும் ஏப்ரல், மே மாதங்களில் பக்கவாத்தியமாக மிருதங்கம் வாசிப்பதற்காக முதன்முறையாக அமெரிக்கா செல்லவிருக்கிறேன். கிளீவ்லாந்தில் ஆண்டுதோறும் நடக்கும் தியாகராஜ ஆராதனை இசைவிழாவை ஒட்டிக் கிழக்குக் கரை நகரங்கள் சிலவற்றில் வார இறுதிகளில் கச்சேரிகள் ஏற்பாடாகியுள்ளன. குழுவில் ஒரு கட்டையில் பாடும் பாடகரும் ஐந்தரைக் கட்டையில் பாடும் பாடகியும் இருப்பதால், தக்குச் சுதிக்கு (தாழ்ந்த சுருதி) ஒன்றும் ஹெச்சுச் சுதிக்கு (உயர்ந்த சுருதி) ஒன்றுமாக இரண்டு மிருதங்கங்களைக் கொண்டு செல்கிறேன். விசா, தங்குமிடம் முதலியவற்றை அமைப்பாளர்கள் பார்த்துக்கொள்வதால் அவற்றைப் பற்றி நான் கேட்கவில்லை. அங்கே மேடையில் உட்கார்ந்து வாசிக்கும் அனுபவம், இங்கே ஒரு சபாவிலோ கோயிலிலோ வாசிப்பதிலிருந்து எவ்வகையில் வேறுபடுகிறது, எதற்கு என்னைத் தயார் செய்துகொள்ள வேண்டும் என்பதை, வாசித்துவிட்டு வந்த பெரியவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன். என் குருநாதர் வெளிநாடு சென்றவர் அல்லர். அவரிடம் கேட்டபோது, போய் வந்தவர்களைக் கேட்டுத் தெரிந்துகொள் என்றே சொன்னார்.

பதில் 1 – தொப்பிநாதம்

தம்பி, உங்கள் குருநாதர் சொன்னது சரியான வழி. பல ஆண்டுகளாக அந்தப் பக்கம் வாசித்துவருபவன் என்ற முறையில் முதலில் சொல்ல வேண்டியது அந்த ஊர்க் காற்றைப் பற்றித்தான். ரசிகர்களைப் பற்றியும் அரங்குகளைப் பற்றியும் பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். தோல் நம் சொல்லைக் கேட்கவில்லையென்றால் அவற்றால் பயன் ஒன்றும் இல்லை.

ஏப்ரலில் கிளீவ்லாந்தில் பனி பெய்தாலும் வியப்பதற்கில்லை. வெளியே உள்ள குளிர்ந்த காற்றில் நீராவி மிகக் குறைவு. அதே காற்றை உள்ளே இழுத்துச் சூடாக்கும்போது அதில் புதிதாக ஈரம் சேர்வதில்லை. ஆனால் ஈரத்தை வாங்கிக்கொள்ளும் ஆற்றல் மட்டும் கூடிவிடுகிறது. அதனால்தான் வெப்பமூட்டிய வீடுகளிலும் அரங்குகளிலும் ஈரப்பதம் முப்பது விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிடுவது உண்டு. எழுபதும் எண்பதுமாக இருக்கும் கடற்கரை ஊர்க் காற்றில் பழகிய தோலும் வாரும் அங்கே சென்ற ஓரிரு நாட்களில் ஈரத்தை இழந்து இறுகத் தொடங்கும். வலப்பக்கமான வலந்தலையின் சுதி தானாகவே ஏறும். இங்கே மழைக்காலத்தில் இறங்கிய சுதியை மேலிருந்து தட்டி ஏற்றியே பழகிய கை, அங்கே சாட்டையின் (தோலைச் சுற்றியுள்ள பின்னல் வளையம்) அடிப்பக்கத்திலிருந்து மேல்நோக்கித் தட்டி இறக்கப் பழக வேண்டும். இது சிறிய செய்தியாகத் தோன்றலாம். ஆனால் பாடகர் வர்ணத்தை முடித்துக் கீர்த்தனத்தை எடுப்பதற்குள், மேடை விளக்குகளின் சூட்டில் சுதி மீண்டும் ஏறியிருக்கும்; ஆலாபனையும் வயலினும் ஒலிக்கும் நேரத்தையெல்லாம் அதைக் கவனிப்பதற்கே பயன்படுத்த வேண்டியிருக்கும்.

இரண்டு மிருதங்கங்களையும் சுதியைச் சற்று இறக்கி, கெட்டியான பெட்டியில் வைத்து அனுப்புங்கள். தங்கும் வீட்டில் வெப்பக்காற்று வரும் துவாரத்துக்கு அருகிலோ காரின் பின்பெட்டியிலோ ஒருபோதும் வைக்காதீர்கள். கச்சேரி நாளன்று இயன்றவரை முன்னதாக அரங்குக்குச் சென்று, உறையைக் கழற்றி, மேடையிலேயே வைத்துவிடுங்கள். அந்த அறையின் காற்றுக்குத் தோல் பழகிய பிறகு சேர்க்கும் சுதியே நிற்கும். நட்டும் போல்ட்டும் வைத்த மிருதங்கங்களைப் பயணத்துக்கென்றே பலர் இப்போது வைத்திருக்கிறார்கள். அதில் சுதி சேர்ப்பது எளிது என்பதை மறுக்க முடியாது. என் காதுக்கு வார் பிடித்த மிருதங்கத்தின் நாதமே உயர்வாகத் தோன்றுகிறது.

ரசிகர்களைப் பற்றி ஒன்று. மிருதங்கம் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து சிற்றுண்டிச்சாலைக்குச் செல்லும் வழக்கத்தைக் கண்டு மனம் நொந்த எனக்கு, அங்கே ஒருவரும் எழாமல் இறுதிவரை உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது உண்டான நிறைவைச் சொல்லில் அடக்க இயலாது. முன்வரிசையில் சிறு பிள்ளைகள் தாளம் போட்டுக்கொண்டு, நடை மாறும் இடத்தில் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். அந்தப் பிள்ளைகளுக்காகவே கணக்கைத் தெளிவாக வாசிக்க வேண்டும் என்று தோன்றியது.

பதில் 2 – பாஸ்டன்_ஒலிப்பொறுப்பு

ஐயா காற்றைப் பற்றி எழுதியதை முழுமையாக வழிமொழிகிறேன். இங்கே நியூ இங்கிலாந்துப் பகுதியில் கச்சேரிகளுக்கு ஒலியமைப்பில் உதவுபவன் என்ற முறையில் அரங்குகளைப் பற்றிச் சில சொல்லலாம் என நினைக்கிறேன்.

கச்சேரிகள் பெரும்பாலும் பள்ளிக்கூட அரங்கு, பல்கலைக்கழக இசையரங்கு, தேவாலயம் ஆகிய மூன்றில் ஒன்றில் நடக்கும். பள்ளி அரங்கு பேச்சுக்கும் நாடகத்துக்கும் கட்டப்பட்டது. அங்கே உங்களுக்குப் பெரிய தொல்லை இராது. மற்ற இரண்டிலும்தான் கவனம் வேண்டும். மேற்கத்திய இசையரங்கு ஒலிபெருக்கி இல்லாமல் வயலின்களும் குழல்களும் நிறைந்து ஒலிப்பதற்காகவே வடிவமைக்கப்படுகிறது. 1900இல் திறக்கப்பட்ட பாஸ்டன் சிம்பொனி ஹாலுக்கு வாலஸ் சபைன் என்ற இயற்பியலாளர் ஒலிக் கணக்குகளைப் போட்டுக் கொடுத்தார். ஆட்கள் நிறைந்திருக்கும்போது அங்கே ஓர் ஒலி அடங்க ஏறத்தாழ 1.9 விநாடி ஆகிறது. பெரிய கல் தேவாலயங்களில் இது நான்கு விநாடியையும் தாண்டும். மேல்காலத்தில் விநாடிக்கு எட்டுப் பத்துச் சொற்கள் (மிருதங்க அடிகள்) விழும் பரன் என்னும் விரைவுக் கோவை ஒன்றை அத்தகைய இடத்தில் வாசித்தால், முதல் சொல் அடங்குவதற்குள் பதினைந்துக்கும் மேற்பட்ட சொற்கள் அதன்மேல் வந்து விழும். மேடையில் இருக்கும் உங்களுக்குத் தெளிவாகக் கேட்பது பத்தாம் வரிசையில் இருப்பவருக்கு ஒரே முழக்கமாகக் கேட்கும்.

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். முதலாவது, ஒலிச்சோதனையின்போது உங்கள் மாணவரையோ குழுவில் ஒருவரையோ அரங்கின் பின்பாதியில் உட்காரவைத்துக் கேட்கச் சொல்லுங்கள். மேடையில் உள்ள மானிட்டரை மட்டும் நம்பாதீர்கள். இரண்டாவது, இடப்பக்கமான தொப்பிக்கு வைக்கும் மைக்கை எங்களிடம் ஏற்றச் சொல்லாதீர்கள். நம் சபாக்களில் பழகியவர்கள் வந்தவுடன் கேட்பது அதைத்தான். இத்தகைய அரங்கில் தொப்பியின் கும்கி என்னும் ஆழ்ந்த நாதம் ஒலிபெருக்கி இல்லாமலேயே கடைசி வரிசைவரை செல்லும். அதைப் பெருக்கினால் பாடகரின் சாகித்தியம் மூழ்கிவிடும். மைக்கே வேண்டாம் என்று மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் ஏன் அவ்வளவு உறுதியாக நின்றார் என்பதை இங்கே ஒரு நல்ல அரங்கில் உட்கார்ந்து வாசிக்கும்போது நீங்களே உணர்வீர்கள். அவர் 1965இல் பாடகர் கே.வி. நாராயணசாமிக்கு வயலின் வித்வான் லால்குடி ஜெயராமனுடன் சேர்ந்து எடின்பரோ விழாவில் வாசித்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம், அந்த நாதத்தை நேரில் கேட்டவர்கள் பாக்கியசாலிகள் என்று எண்ணிக்கொள்வேன்.

நேரத்தைப் பற்றியும் ஒரு சொல். அரங்கை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்திருப்பார்கள். குறித்த நேரத்தைத் தாண்டினால் அரங்கப் பணியாளர்களுக்குக் கூடுதல் ஊதியம் தர வேண்டியிருக்கும். தனிக்கு எத்தனை நிமிடம் என்பதைப் பாடகருடன் முன்பே பேசி முடிவு செய்துகொள்வது எல்லோருக்கும் நல்லது. நம்மவர் அல்லாத ரசிகர்கள் அதிகம் வரும் பல்கலைக்கழகக் கச்சேரியாக இருந்தால் தனியைச் சுருக்கிக்கொள்வதே உசிதம் என்பது என் கருத்து.

பதில் 3 – சங்கராபரணம்

கடைசி வரியில் எனக்கு உடன்பாடு இல்லை என்பதை மரியாதையுடன் சொல்கிறேன். நான் வாய்ப்பாட்டுக்காரி, வெள்ளைக்காரர்களே பெரும்பான்மையாக அமர்ந்திருந்த பல்கலைக்கழக அரங்குகளில் பாடியிருக்கிறேன். அவர்கள் ஆலாபனையின்போது தலையசைக்க மாட்டார்கள், பலே என்று சொல்ல மாட்டார்கள், முகத்தில் எந்த மாறுதலும் தெரியாது. ஒரு நல்ல சங்கதியைப் பாடிவிட்டு எதிரே பார்த்தால் அமைதிதான் இருக்கும். நம் ரசிகர்களின் தலையசைப்பைப் பார்த்துப் பார்த்தே பாடி வளர்ந்தவர்களுக்கு அது முதலில் கலக்கத்தைத் தரும். பிடிக்கவில்லையோ என்று பயந்து, ராகத்தைப் பாதியில் முடித்துவிட்டுத் துக்கடாக்களுக்கு (சிறு உருப்படிகளுக்கு) தாவும் பாடகர்களைக் கண்டிருக்கிறேன். உருப்படி முழுவதும் முடிந்த பிறகே கைதட்ட வேண்டும் என்பது அவர்களுடைய கேள்வி மரபு; அந்த அமைதி கவனத்தின் அடையாளம். அவர்களுக்குச் சொல் புரியாது, பக்தி புரியாது. தாளமும் நாதமும் முழுமையாகச் சென்று சேரும். ஆதலால் அவர்களுக்கு முன்னால் சுருக்கத் தேவையில்லாத பகுதி ஏதேனும் உண்டென்றால் அது தனி ஆவர்த்தனமே.

மேலும், அவர்கள் இதைக் கேட்காதவர்களும் அல்லர். நாட்டியக் கலைஞர் பாலசரசுவதியின் தம்பி டி. ரங்கநாதன் 1963 முதல் கனெடிகட்டில் உள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் மிருதங்கம் கற்றுக்கொடுத்தார். கிளீவ்லாந்து ஆராதனை 1978இல் தொடங்கியபோது அதற்குத் துணை நின்றவர்களுள் ராமநாதபுரம் ராகவன் ஒருவர். அவரும் மிருதங்க வித்வான்தான். அந்த நாட்டில் நம் சங்கீதத்துக்கு அடித்தளம் இட்டவர்களில் லயக்காரர்களின் பங்கு மிகப் பெரியது என்ற மதிப்போடு தம்பி போய் வாசிக்க வேண்டும் என்பது என் ஆசை.

கேள்வி கேட்டவரின் மறுமொழி – தஞ்சை_மாணவன்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பின்வரிசையில் ஒருவரை உட்காரவைத்துக் கேட்கும் யோசனையைக் குழுவினரிடம் இன்றே தெரிவித்துவிட்டேன். இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. அவ்வளவு வறண்ட காற்றில் தொப்பிக்கு இடும் ரவை கச்சேரி முடியும்வரை நிற்குமா? உபபக்கவாத்தியமாக வாசிக்க என் தாத்தா காலத்து உடும்புத்தோல் கஞ்சிரா ஒன்று வீட்டில் இருக்கிறது. அதையும் எடுத்துச் செல்லலாமா?

பதில் – தொப்பிநாதம்

கஞ்சிராவை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். உடும்பு நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட உயிரினம். அதன் தோலை எல்லை தாண்டி எடுத்துச் செல்வது இங்கேயும் குற்றம், அங்கேயும் குற்றம். தாத்தாவின் பொருள் என்பதால் விலக்குக் கிடைக்காது. ஆட்டுத்தோல் கஞ்சிரா ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். மிருதங்கத்தையும் சுங்கப் படிவத்தில் தோல் வாத்தியம் என்று மறைக்காமல் எழுதுங்கள்.

ரவை நிற்கும், ஆனால் இங்கே பிசைவதைவிடச் சற்றுத் தளர்வாகப் பிசைய வேண்டும். இடுவதற்கு முன் தொப்பித் தோலை ஈரத்துணியால் ஒற்றி, சில நிமிடம் பொறுத்து இடுங்கள். அருகில் ஒரு சிறு கிண்ணத்தில் தண்ணீர் இருக்கட்டும். ஓரம் வெளுத்து, கும்கி ஏறுவது போல் காதில் பட்டவுடன், பாடகர் ராகம் பாடும் நேரத்தில் விரலை நனைத்து ரவையின் மேல் தடவிவிடுங்கள். தனிக்குச் சற்று முன்னால் இதை ஒருமுறை கட்டாயம் செய்யுங்கள். கச்சேரி முடிந்ததும், ரசிகர்கள் பேச வந்தாலும், ரவையை எடுத்துத் துடைத்துவிட்டுப் பிறகு பேசுங்கள். அந்தக் காற்றில் அது தோலோடு காய்ந்து கெட்டியாகிவிட்டால் பிரிப்பது கடினம். வேலை தெரிந்தவரும் அந்த ஊரில் எளிதில் கிடைக்க மாட்டார்.