குளிருக்கும் புள்ளியா? மோர்ஸ் போட்டிகளில் இது ஒரு கூத்து

மின்காந்தன்:
அமெரிக்காவில் பிப்ரவரியில் அரிசோனா ஸ்கார்பியன்ஸ் என்ற ஹாம் (பொழுதுபோக்கு வானொலி) குழு ‘ஃப்ரீஸ் யுவர் பன்ஸ் ஆஃப்’ என்று ஒரு போட்டி நடத்துகிறது. 5 வாட் அளவில் குறைந்த சக்தியில் பேசுகிறவர்களுக்கு. அதுவரை சரி. ஆனால் நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடம் எவ்வளவு குளிரோ, உங்கள் புள்ளிகளைப் பெருக்கும் எண் அவ்வளவு பெரிது! புள்ளியும் கோடுமாக வரும் மோர்ஸைக் கேட்கும் காதுக்கும், தட்டும் கைக்கும் இல்லாத மரியாதை தெர்மாமீட்டருக்கா?

கட்டைக்கீ:
விறைத்த விரலோடு ஒருமுறை தட்டிப் பாருங்கள் ஓஎம் (ஹாம்கள் நண்பரை அழைக்கும் சொல்), அப்புறம் தெரியும் கைக்கு மரியாதை உண்டா இல்லையா என்று.

மின்காந்தன்:
ஃப்ரிட்ஜுக்குள் தெர்மாமீட்டரை வைத்துவிட்டு ‘இங்கே கடுங்குளிர்’ என்று அனுப்பினால் யார் பார்க்கப் போகிறார்கள்?

கட்டைக்கீ:
நீங்கள் கொண்டாடும் சிக்யூ வேர்ல்ட் வைட் என்ற உலக மோர்ஸ் போட்டியில் மட்டும் என்ன வாழ்கிறது? நவம்பர் கடைசி வார இறுதி, 48 மணி நேரம். இரைச்சலில் பாதி எழுத்து காணாமல் போனவனுக்கும் ‘ஃபைவ் என் என்’, அதாவது 599, ‘உன் சிக்னல் அருமை’ என்றுதான் ரிப்போர்ட். 9-ஐ முழுசாகத் தட்டினால் நான்கு கோடு ஒரு புள்ளி ஆகுமாம், அதற்கும் நேரமில்லாமல் ‘என்’ என்று சுருக்கிவிட்டார்கள். அவசரத்தில் சொல்லும் பொய்!

மின்காந்தன்:
அது சம்பிரதாயம், எல்லாருக்கும் தெரியும். ஆனால் அங்கே எல்லோருடைய லாகையும் (யாரோடு பேசினோம் என்ற பதிவேடு) ஒன்றோடொன்று ஒப்பிடுவார்கள். எதிராளியின் அழைப்புக்குறியை (அவருடைய வானொலி அடையாள எழுத்துகளை) தப்பாக எழுதினால் அந்தப் புள்ளி போவதோடு அபராதமும் உண்டு. அந்தக் கண்டிப்பால்தான் காது தேறுகிறது.

டிட்டா:
இடையில் வருகிறேன். ஜூலை கடைசி ஞாயிறு ‘ஃப்ளைட் ஆஃப் தி பம்பிள்பீஸ்’ பற்றியும் சொல்லுங்கள். நான்கே மணி நேரம். திறந்தவெளிக்கு நடந்தோ சைக்கிளிலோ போய், அழைப்புக்குறிக்குப் பின்னால் ‘பிபி’ சேர்த்துக்கொண்டு பேசுவார்கள். நிமிடத்துக்கு 15 சொல் வேகம்கூட வராதவர்களும் இதில் பயமில்லாமல் சேரலாம். 2007-இல் அமெரிக்க ஹாம் உரிமத் தேர்வில் மோர்ஸை எடுத்துவிட்டார்கள். இனி விருப்பப்பட்டு வருகிறவர்தான் கற்பார். அவரை முதல் நாளே 35 சொல் வேகத்தில் மிரட்டினால் ஓடிவிடுவார்.

மின்காந்தன்:
சரி, பழக வரட்டும். அதற்குப் போட்டி என்று பெயர் எதற்கு? ஜனவரி 1-ஆம் தேதி அமெரிக்க ஹாம் சங்கமான ஏஆர்ஆர்எல் நடத்தும் ஸ்ட்ரெய்ட் கீ (கையால் தட்டும் எளிய மோர்ஸ் கருவி) நைட் எவ்வளவு நாகரிகம்! புள்ளியே கிடையாது, யாருடைய கை அழகு என்று ஓட்டு மட்டும்.

கட்டைக்கீ:
அழகுக்கு ஓட்டுப் போடலாம், குளிருக்குப் புள்ளி கூடாதா? நல்ல நியாயம் ஓஎம். 73 (ஹாம் மொழியில் வாழ்த்துகள்).